சோட்டாய்: சுகமான பக்கம் அசைந்து பிடிப்பை விடுவிக்கும் ஜப்பானிய முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் சாய்க்கிறீர்கள். இடுப்பில் பிடிக்கிறது. வலப்பக்கம் சாய்த்தால் தடையில்லாமல் போகிறது. இனி என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் பிடிக்கிற இடப்பக்கத்தையே மீண்டும் மீண்டும் அழுத்திச் சாய்ப்பார்கள். குறை அங்கேதானே இருக்கிறது, அதைத்தானே பழக்க வேண்டும் என்று தோன்றும். சோட்டாய் நேர்மாறான வழியைச் சொல்கிறது. சுலபமாகப் போகிற வலப்பக்கமே மெதுவாகச் சாய்க்க வேண்டும். எங்கே அதிகச் சுகம் தெரிகிறதோ அங்கே சில நொடிகள் நிறுத்தி, சட்டென்று மொத்த பலத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். பிடிப்பு குறைந்திருப்பது பெரும்பாலும் அப்போதே தெரியும்.

இந்த முறையை வகுத்தவர் கெய்ஸோ ஹாஷிமோட்டோ (1897–1993). ஃபுகுஷிமாவில் பிறந்து, ஆங்கில மருத்துவம் படித்து, வடகிழக்கு ஜப்பானின் செண்டாய் நகரில் சிகிச்சையகம் நடத்திய மருத்துவர். படித்த மருத்துவத்தில் முதுகுவலிக்கும் தோள்பிடிப்புக்கும் போதிய பதில் கிடைக்காததால், எலும்பு சரிசெய்பவர்கள், ஊசிக்குத்து வைத்தியர்கள் போன்ற மரபு வைத்தியர்களிடம் கற்கத் தொடங்கினார். தகஹாஷி என்பவர் உருவாக்கிய உடல் திருத்த முறை அவரை மிகவும் கவர்ந்தது. வலிக்கும் திசையிலிருந்து வலிக்காத திசைக்கு அசைத்துச் சட்டென விடுவது என்ற அடிப்படை அங்கிருந்துதான் வந்தது. அதை ஹாஷிமோட்டோ பல பத்தாண்டுகள் நோயாளிகளிடம் சோதித்து, யாரும் வீட்டில் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாக்கினார். 1970களின் நடுவில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இதைப் பற்றி நிகழ்ச்சிகள் வெளியிட்ட பிறகு நாடெங்கும் தெரியவந்தது.

ஏன் வேலை செய்கிறது

பிடித்துக்கொண்ட தசை பெரும்பாலும் காவலுக்கு நிற்கும் தசை. ஏதோ ஒரு அசைவு ஆபத்து என்று நரம்பு மண்டலம் கருதிவிட்டால், அந்தத் திசையில் போக விடாமல் தசையைச் சுருக்கி வைக்கிறது. நீங்கள் அதை எதிர்த்து இழுத்தால் காவல் இன்னும் இறுகும். தசைக்குள் இருக்கும் நீள உணரிகள் திடீரென இழுபட்டால் தசையைச் சுருங்கச் சொல்லும் இயல்புடையவை. சுகமான திசையில் போகும்போது இறுகிய தசை குறுகி ஓய்வடைகிறது, உணரிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கக் காரணம் இல்லை. அந்த நிலையில் லேசாகப் பலம் கொடுத்து, பிறகு முழுதாக விடும்போது, தசையின் அடிப்படை இறுக்கமே ஒரு படி இறங்குகிறது என்பதுதான் பொதுவாகத் தரப்படும் விளக்கம். சிக்கிக்கொண்ட மேசை இழுப்பறையைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு வெளியே இழுத்தால் வருவது போல.

ஜப்பானுக்கு வெளியிலும் இதே எண்ணத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்யும் முறை) மருத்துவர் லாரன்ஸ் ஜோன்ஸ், வலிக்காத நிலையில் உடலை ஓய்வாக வைத்துப் பிடிப்பை விடுவிக்கும் முறையை 1950களில் உருவாக்கத் தொடங்கினார். ஆனால் அவருடைய முறையில் நோயாளி அசையாமல் கிடப்பார், மருத்துவர்தான் நிலையை அமைப்பார். சோட்டாயில் அசைவது நீங்கள், எது சுகம் என்று தீர்ப்பு சொல்வதும் நீங்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மந்தமான இடுப்புவலி, தோள் இறுக்கம், உட்கார்ந்தே வேலை செய்வதால் வரும் முதுகுப் பிடிப்பு, ஒருபக்கமாகச் சாயும் நிற்கும் நிலை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். எலும்பே வளைந்திருக்கும் முதுகெலும்புக் கோணலை இது நேராக்காது, தேய்ந்த மூட்டை வளர்க்காது. மருத்துவ ஆய்வுகளும் இதில் குறைவு. அதனால் மருத்துவர் சொன்ன சிகிச்சையை நிறுத்திவிட்டு இதற்கு வராதீர்கள், அதனுடன் சேர்த்துச் செய்யுங்கள்.

யார் செய்யக் கூடாது

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் திடீரென பலமிழப்பது ஆகியவை முதுகுவலியோடு வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, படுத்தாலும் குறையாத இரவுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்புவலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவப் பரிசோதனைதான். எலும்பு மெலிந்த முதியவருக்குத் திடீரென நடுமுதுகில் கூர்மையான வலி வந்தால் முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம், அசைக்கவே கூடாது. மார்பில் அழுத்தத்தோடு வரும் இடத்தோள் வலியைத் தசைப்பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் முழங்கால் சாய்க்கும் அசைவையும், குப்புறப் படுத்துக் காலை மேலே இழுக்கும் அசைவையும் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது, மூட்டு நழுவ வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கும் அசைவுகளை விட்டுவிட வேண்டும். எந்த அசைவிலாவது முழங்காலுக்குக் கீழே மின்னல் போல வலி பாய்ந்தால் அந்த அசைவை அங்கேயே கைவிடுங்கள்.

தொடங்கும் முன்

மெத்தை வேண்டாம். ஜப்பானியர்கள் தத்தாமி பாய்மேல் செய்கிறார்கள். தரையில் பாய் விரித்து, அதன்மேல் ஒரு ஜமுக்காளமோ மடித்த போர்வையோ போட்டால் போதும். உடல் அமுங்கினால் எந்தப் பக்கம் சுலபம் என்ற நுட்பமான வித்தியாசம் தெரியாமல் போகும். தலை பின்னால் தொங்கினால் மட்டும் மெல்லிய தலையணை வையுங்கள். இடுப்பை இறுக்காத உடை அணியுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழியட்டும். அறை குளிராக இருந்தால் தசை தளராது. மின்விசிறி நேராக உடல்மேல் வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உடலைப் பாருங்கள். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுக் கவனியுங்கள். எந்தப் பாதம் அதிகமாக வெளிப்பக்கம் விழுந்திருக்கிறது? இடுப்பின் எந்தப் பக்கம் தரையை அதிகம் அழுத்துகிறது? எந்தத் தோள் தரையிலிருந்து மேலே நிற்கிறது? அடுத்து முழங்கால்களை மடக்கி, கைவிரல்களால் முழங்காலின் பின்மடிப்பை அழுத்திப் பாருங்கள். பலருக்கு அங்கே கயிறு போல இறுகிய ஓர் இழை கிடைக்கும், அழுத்தினால் துள்ளும்படி வலிக்கும். சோட்டாய் செய்பவர்கள் முதலில் தேடும் இடம் இதுதான். நடுவில் நாடித்துடிப்பு தெரியும் இடத்தைத் தவிர்த்து, பக்கத் தசைநாண்களை மட்டும் தொடுங்கள்.

இந்தச் சோதனையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் திரும்ப வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லா அசைவுக்கும் பொதுவான வரிசை

1. ஒன்றுக்கொன்று எதிரான இரு திசைகளில் ஒருமுறை மெதுவாக அசைத்து ஒப்பிடுங்கள். எது அதிக தூரம் போகிறது என்று பார்க்காதீர்கள். எது சுகமாக இருக்கிறது என்று பாருங்கள். தூரமும் சுகமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

2. சுகமான திசையில், மூச்சை வாயால் மெல்ல விட்டுக்கொண்டே அசையுங்கள். போய்ச் சேர நான்கைந்து நொடிகளாவது ஆக வேண்டும்.

3. சுகம் உச்சமாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள். அது பெரும்பாலும் அசைவின் எல்லைக்கு முன்னாலேயே வந்துவிடும்.

4. அங்கே 3 முதல் 5 நொடிகள் நிறுத்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். உங்கள் முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

5. சட்டென்று விடுங்கள். மெதுவாக இறக்கிவைப்பது அல்ல, பிடித்திருந்த பலத்தை ஒரே கணத்தில் இல்லாமல் ஆக்குவது.

6. இரண்டு மூச்சுக்கு அசையாமல் கிடங்கள்.

7. இதே திசையில் இன்னும் இரண்டு முறை. பிறகு முன்பு பிடிப்பு தெரிந்த திசையைச் சோதியுங்கள்.

மூன்றுக்கு மேல் செய்தால் அதிகப் பலன் வரும் என்று நினைக்க வேண்டாம். நான்காவது முறையிலிருந்து தசை களைப்படையத் தொடங்கும், எது சுகம் என்று கண்டறியும் கவனமும் மழுங்கும். "சமமாக இருக்கட்டும்" என்று மறுபக்கமும் அதே எண்ணிக்கை செய்வது இன்னொரு தவறு. உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். இங்கே வேலை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். இரு திசைகளும் ஒரே மாதிரி இருந்தால் அந்த அசைவு இன்று உங்களுக்குத் தேவையில்லை, அடுத்ததற்குப் போங்கள்.

முதல் அசைவு: கால்விரல் தூக்குதல்

எந்த வலியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குவது நல்லது. வலிக்கும் இடத்திலிருந்து தொலைவில் தொடங்குவது சோட்டாயின் வழக்கம். தோள்வலிக்குக் கூடக் கால்விரலில் தொடங்குவார்கள், ஏனென்றால் ஒரு மூட்டின் அசைவு அடுத்ததை இழுத்துக்கொண்டு உடல் முழுக்கப் போகும் என்பது ஹாஷிமோட்டோவின் அடிப்படைப் பார்வை.

மல்லாந்து படுங்கள். முழங்கால்களை ஏறக்குறைய செங்கோணத்துக்கு மடக்கி, பாதங்களுக்கு நடுவே ஒரு கைமுட்டி அளவு இடைவெளி விடுங்கள். முழங்கால் பின்மடிப்பில் அதிகம் வலித்த காலைத் தேர்ந்தெடுங்கள். குதிகால் தரையிலேயே இருக்க, பாதத்தின் முன்பகுதியை முழங்காலை நோக்கித் தூக்குங்கள். கட்டைவிரல் பக்கம் முன்னால் போகட்டும். மூச்சு விட்டுக்கொண்டே தூக்கி, 3 நொடிகள் நிறுத்தி, பாதம் "தொப்" என்று தரையில் விழும்படி விடுங்கள்.

சரியாகச் செய்தால் அசைவு கணுக்காலோடு நிற்காது. தொடை, இடுப்பு, கீழ்முதுகு வரை மெல்லிய அலை போவது தெரியும். அது தெரியவில்லை என்றால் வேகமாகத் தூக்கியிருக்கிறீர்கள். பாதி வேகத்தில் செய்யுங்கள்.

மூன்று முறைக்குப் பின் முழங்கால் மடிப்பை மீண்டும் அழுத்துங்கள். வலி பாதியாகக் குறைந்திருந்தால் அடுத்த அசைவுக்குப் போகலாம். குறையவே இல்லை என்றால் இரு கால்களையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். பின்தொடையில் சதை பிடித்து இழுத்தால் குதிகாலைத் தரையில் தோண்டுவது போல அழுத்துகிறீர்கள் என்று பொருள். பாதத்தை ஓர் உள்ளங்கை நீளம் தள்ளி வைத்து, குதிகாலின் பாரத்தை மட்டும் தரைக்குக் கொடுங்கள். தாடை இறுகுவதும், விரல்களை உள்பக்கம் மடக்குவதும் அதிக பலம் போகிறது என்பதற்கான அடையாளங்கள்.

இரண்டாம் அசைவு: முழங்கால் சாய்த்தல்

அதே நிலையில் முழங்கால்களையும் பாதங்களையும் ஒட்டி வையுங்கள். கைகளைத் தோளுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் விரியுங்கள். இரு முழங்கால்களையும் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகச் சாய்த்து ஒப்பிடுங்கள். பிடிப்பு எங்கே தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு இடுப்பில், சிலருக்கு விலாவில், சிலருக்கு எதிர்த்தோளில் தெரியும்.

சுலபமான பக்கம் சாய்த்துக்கொண்டே போங்கள். எதிர்ப்பக்க இடுப்பு தரையிலிருந்து எழும், முதுகு திரும்பும், கடைசியில் எதிர்த்தோள் எழ விரும்பும். தலை எந்தப் பக்கம் திரும்பினால் சுகமோ அந்தப் பக்கம் திரும்பட்டும். சுகமான இடம் வந்ததும் முழங்கால்கள் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தரத்தில் நிறுத்தி, 3 நொடிகள் கழித்து விடுங்கள். தொடைகள் தானாக விழட்டும். பிறகு காலை ஒவ்வொன்றாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் கீழ்முதுகில் புதிய இழுப்பு வரும். நல்லபடி செய்த வேலையை இந்த ஒரு செயல் கெடுத்துவிடுகிறது.

உதவிக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நுட்பமாகச் செய்யலாம். வலப்பக்கம் சுலபம் என்றால், முதலில் முழங்கால்களை இடப்பக்கம், பிடிப்பு தொடங்குவதற்கு ஒரு விரற்கடை முன்னால் வரை கொண்டுபோய் வையுங்கள். உதவுபவர் வல முழங்காலின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைப்பார். நீங்கள் அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி வருவீர்கள், அவர் மிக லேசாகத் தடுப்பார். நடுப்பகுதிக்கு வந்ததும் நிறுத்தி, இருவரும் 3 நொடிகள் சமபலத்தில் நின்று, நீங்கள் விடுவீர்கள்.

மூன்றாம் அசைவு: குப்புறப் படுத்து முழங்காலை இழுத்தல்

நாற்பட்ட இடுப்புவலிக்கு ஓர் அசைவு மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதையே செய்யுங்கள். குப்புறப் படுத்து முகத்தை வசதியான பக்கம் திருப்புங்கள். ஒரு முழங்காலைத் தரையோடு தேய்த்தபடியே வெளிப்பக்கமாக அக்குளை நோக்கி இழுங்கள். தவளையின் பின்னங்கால் மடிவது போன்ற நிலை வரும். முழங்காலும் பாதத்தின் உள்விளிம்பும் தரையை விட்டு எழக் கூடாது. இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

சுலபமான பக்கத்தில் மூச்சு விட்டு மேலே இழுக்கும்போது, அந்தப் பக்க இடுப்பு மேலேறி விலா சுருங்கும். முகம் அதே பக்கம் திரும்பியிருந்தால் பெரும்பாலும் இன்னும் சுகமாக இருக்கும். நிறுத்துங்கள், விடுங்கள். கால் தானாகச் சற்றுக் கீழே வழுக்கும். வழுக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சொரசொரப்பான விரிப்பில் முழங்கால் உராய்ந்து அசைவு தடைபடும். வழவழப்பான துணியை அடியில் போடுங்கள்.

நான்காம் அசைவு: குதிகால் நீட்டுதல்

மல்லாந்து, இரு கால்களையும் நீட்டிப் படுங்கள். ஒரு குதிகாலால் எதிர்ச் சுவரைத் தள்ளுவது போல மெதுவாக நீட்டுங்கள். அந்தக் கால் நீளும்போது மறுபக்க இடுப்பு தானாக மேலேறும். எந்தக் காலை நீட்டுவது சுகம் என்று ஒப்பிட்டு, அதை நீட்டி நிறுத்தி விடுங்கள். விரல் நுனியை நீட்டினால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும். தள்ள வேண்டியது குதிகால்.

ஐந்தாம் அசைவு: தோள் தூக்கி விடுதல்

கணினி முன் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வரும் தோள் இறுக்கத்துக்கு இது. நாற்காலியில் முன்தள்ளி உட்காருங்கள், பாதங்கள் இரண்டும் தரையில் பதியட்டும். ஒரு தோளைக் காதை நோக்கித் தூக்கிப் பாருங்கள், பிறகு மற்றதை. சுகமாகத் தூக்க முடிந்த தோளைத் தேர்ந்தெடுங்கள். வலிக்காத தோள் அதுவாக இருந்தால் வியக்க வேண்டாம், அதையே தூக்குங்கள். தோள் எழும்போது எதிர்ப்பக்கப் பிட்டத்தில் பாரம் ஏறும்படி உடல் முழுவதும் சேர்ந்து அசையட்டும். நிறுத்தி, தோளை மட்டும் விழ விடுங்கள். கைகள் தொடைமேல் இல்லாமல் பக்கத்தில் தொங்கினால்தான் தோள் முழுதாக விழும்.

கழுத்தை மட்டும் சட்டென விடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தில் திருப்பிப் பார்த்து ஒப்பிடுவதும், சுகமான பக்கம் மெதுவாகத் திருப்பி நிறுத்துவதும் சரிதான். ஆனால் நடுவுக்குத் திரும்பி வரும்போது மெதுவாகவே வாருங்கள். கழுத்தெலும்பும் அதன் ரத்தக் குழாய்களும் திடீர் அசைவைத் தாங்கும்படி அமைந்தவை அல்ல. கழுத்துவலி உள்ளவர்கள் முதல், மூன்றாம், ஐந்தாம் அசைவுகளைச் செய்த பிறகு கழுத்தைச் சோதித்தால் அங்கே தனியாக வேலை செய்ய வேண்டிய தேவை பல நேரம் இருப்பதில்லை.

உதவுபவருக்கு

கணவன் மனைவியோ, பெற்றோரும் பிள்ளைகளுமோ சேர்ந்து செய்வது இந்த முறைக்கு மிகப் பொருந்தும். உதவுபவரின் வேலை தள்ளுவதல்ல, ஒரு சுவர் போல இருப்பது. அந்தச் சுவரும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தடுப்பு அதிகமானால் படுத்திருப்பவர் எதிர்த்துப் போராடத் தொடங்குவார், சுகம் எங்கே என்று தேடுவது நின்றுவிடும். உள்ளங்கையால் தொடுங்கள், விரல்களால் பற்றாதீர்கள். அவர் விடும் கணத்தில் உங்கள் கையும் விட வேண்டும், ஆனால் அடியில் தாங்க இன்னொரு கை இருக்கட்டும். தாங்க ஆள் இல்லை என்று உடல் உணர்ந்தால் முழுதாக விடாது.

பேச்சும் மெதுவாக இருக்கட்டும். "அம்மா, எந்தப் பக்கம் சுகமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "இந்தப் பக்கம்தானே நல்லா போகுது" என்று பார்ப்பவர் சொல்லத் தொடங்கினால், படுத்திருப்பவர் தன் உடலைக் கேட்பதை நிறுத்திவிடுவார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால் இன்னும் பாதி வேகத்தில் ஒருமுறை அசைக்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் அந்த அசைவை விட்டுவிடுங்கள்.

நிற்பதும் நடப்பதும்

தினம் பதினைந்து நிமிடம் பாயில் செய்துவிட்டு, மீதி நாள் முழுதும் பழைய மாதிரியே உடலைப் பயன்படுத்தினால் பிடிப்பு திரும்பி வரும். ஹாஷிமோட்டோ அன்றாட அசைவுக்கும் சில விதிகளை வகுத்தார்.

காலில் பாரம் பெருவிரலின் அடிமேட்டில் நிற்க வேண்டும், கையில் பலம் சுண்டுவிரல் பக்கம் இருக்க வேண்டும். வாளியைத் தூக்கும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தளர்த்தி, சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். முழங்கை உடலோடு ஒட்டிக்கொள்ளும், பாரம் தோளுக்குப் பதிலாக முதுகுக்கும் இடுப்புக்கும் போகும். கட்டைவிரல் பக்கம் பிடித்தால் முழங்கை வெளியே விலகி, தோள் மேலே எழும். துடைப்பம், கத்தி, சப்பாத்திக் கட்டை எல்லாவற்றுக்கும் இதே விதி.

உடலின் பாரம் எங்கே நகர வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. முன்னால் குனியும்போது இடுப்பு பின்னால் போக வேண்டும். பின்னால் வளையும்போது இடுப்பு முன்னால் வர வேண்டும். பக்கவாட்டில் சாயும்போது பாரம் எதிர்ப்பக்கக் காலுக்குப் போக வேண்டும். திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தக் காலுக்கு வர வேண்டும். நின்றபடி வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள், முதலில் பாரத்தை இடக்காலில் வைத்து, பிறகு வலக்காலில் வைத்து. வித்தியாசம் இரண்டாவது முறையிலேயே தெளிவாகத் தெரியும். காரின் பின்னிருக்கையிலிருந்து பையை எடுக்கும்போதும், அலமாரியில் எட்டி எடுக்கும்போதும் இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு, இந்தப் பாரமாற்றம் நடக்காததும் ஒரு காரணம்.

அசைவு மட்டும் போதாது என்றும் அவர் சொன்னார். மூச்சு, உணவு, அசைவு, எண்ணம் ஆகிய நான்கையும் வேறொருவர் உங்களுக்காகச் செய்ய முடியாது, சுற்றுச்சூழலோடு சேர்ந்து இவை ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றவை இழுபடும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றவையும் கொஞ்சம் நிமிரும். இதையெல்லாம் முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டுமா என்றால், நூற்றுக்கு அறுபது மதிப்பெண் போதும் என்பதே அவருடைய நிலைப்பாடு.

எப்போது, எவ்வளவு

முதல் வாரத்தில் முதல் இரண்டு அசைவுகளை மட்டும் செய்யுங்கள். இரவு படுக்கும் முன் செய்தால் தூக்கம் எளிதாக வரும், காலையில் செய்தால் எழும் இறுக்கம் குறையும். இரண்டில் ஒன்று போதும். அடுத்த வாரம் மூன்றாம், நான்காம் அசைவுகளைச் சேர்க்கலாம். மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

செய்தபின் உடல் கனப்பது, தூக்கம் வருவது, மறுநாள் வேறோர் இடத்தில் லேசான வலி தெரிவது ஆகியவை வழக்கம்தான். ஒரு நாளில் அடங்கிவிடும். வலி கூர்மையாகி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், சுகத்தைத் தாண்டி எல்லைவரை போயிருக்கிறீர்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டுப் பாதி தூரத்தில், முதல் அசைவை மட்டும் கொண்டு மீண்டும் தொடங்குங்கள். எந்தத் திசையிலும் சுகமே தெரியாத நாட்களும் வரும், கடும் பிடிப்பின் முதல் ஓரிரு நாட்களில் குறிப்பாக. அப்போது அசைய வேண்டியதில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்தோ, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்தோ, எந்த நிலையில் வலி குறைவோ அதில் மூச்சை நீட்டி விட்டபடி கிடங்கள். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லை என்றால் இதையே இழுத்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

ஜப்பானில் இதைக் கையாளும் ஒருவரிடம் போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சோட்டாய்க்கென்று அங்கே தனி அரசு உரிமம் கிடையாது. ஷியாட்சு (விரலால் அழுத்தும் சிகிச்சை), மசாஜ், ஊசிக்குத்து, ஜூடோ வழி மூட்டுச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அரசுத் தேர்வும் உரிமமும் உண்டு. சோட்டாய் செய்பவர்களில் பலர் இவற்றில் ஒன்றை வைத்திருப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே எந்த உரிமம் என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் எந்தத் திசை சுகம் என்று கேட்கிறாரா, அல்லது கேட்காமலே கழுத்தையும் முதுகையும் சொடுக்கெடுக்கத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். சொடுக்கெடுப்பவர் வேறு எந்த முறையில் தேர்ந்தவராக இருந்தாலும், அவர் செய்வது சோட்டாய் அல்ல.